இரண்டு வெள்ளை

காக்கா குனிந்து, தரையின் வெட்டுக்கோட்டில் பூத்திருந்த வெள்ளையைச் சுட்டுவிரலால் வழித்து நாக்கு நுனியில் வைத்தார். ஒரு கணம் கண்ணை மூடினார். "உப்பு" என்றார். பிறகு நாலடி தள்ளிப் போய், தரையின் நடுவில் பால் சிந்தியதுபோலக் கிடந்த இன்னொரு வெள்ளையை அதே விரலால் தேய்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அதன்மேல் கண்ணாடித் தோல் ஒன்று இருந்தது; வெள்ளை அந்தத் தோலுக்குக் கீழே கிடந்தது.

"இது வேற. இதில ரெண்டு வெள்ளை இருக்கு தம்பி. ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சு மருந்து போட்டா ரெண்டும் மாறாது."

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்போம். இவர் காத்தான்குடி மேசன். 1990இல் போரோடு மூடுண்ட காங்கேசன்துறை ஆலையின் சீமெந்தில் தொழில் பழகியவர். இப்போது சாந்தகப்பை பிடிப்பது குறைவு. மற்றவர்கள் போட்டுக் கெடுத்ததைப் பார்த்துச் சொல்லக் கூப்பிடுவார்கள். இதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை. அலுப்பாகத்தான் சொல்வார்.

தரை என் மருமகனுடையது. அக்காவின் மகன். கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில், வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் படகு எஞ்சின்களும் மோட்டார் சைக்கிள்களும் திருத்துகிறான். ஏழெட்டு வருடம் தகரக் கொட்டிலில், வெறும் மணலில் குந்தியிருந்து செய்த தொழில். கார்புரேட்டரைக் கழற்றும்போது துள்ளி விழும் சின்னத் திருகாணி மணலுக்குள் போனால் போனதுதான். காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலை மேய்ப்பான். பித்தளை ஆணியென்றால் காந்தமும் கைவிட்டுவிடும். அப்படிப்பட்டவனுக்கு வழவழப்பான தரை ஆடம்பரம் அல்ல. "ஆணி விழுந்தா சத்தம் கேக்கிற தரை வேணும் மாமா" என்று பலமுறை சொல்லியிருக்கிறான்.

2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை 2022 நடுவில் மூவாயிரத்தைத் தாண்டியது. அரைச் சுவரோடு வேலை நின்றது. விலை இறங்கி, கையில் காசும் சேர்ந்து, தரை போடும் நாள் வந்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. கார்த்திகை எங்களுக்கு மாரி. வருட மழையில் பெரும்பங்கை மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கும் காலம். தைப்பொங்கலன்று கடை திறப்பதாக ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, தவணைக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. மழை விட்ட இரண்டு நாள் இடைவெளியில் நாலு அங்குலக் கனத்தில் கொங்கிரீட் போட்டார்கள். மூன்றாம் நாள் மெஷினால் கோடு வெட்டினார்கள். சீலர் வாளியில் ஒட்டியிருந்த தாள் 28 நாள் கழித்து அடிக்கலாம் என்றது. மருமகன் ஒரு கிழமை கூடுதலாகவே பொறுத்தான். 35ஆம் நாள் றோலரால் அடித்தான்.

அன்றைய தரையை நானும் பார்த்தேன். மழையில் நனைந்த கருங்கல்லின் நிறம். மேலே தூக்கிய ரோலிங் ஷட்டர் உள்ளே தலைகீழாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினோம், வேலைத்தலம் என்பது மறந்துபோய்.

எட்டாம் நாள் பின்சுவர் ஓரமாக மூடுபனிபோல ஒன்று இறங்கியது. பிறகு நடுவுக்கு வந்தது. கடன் வாங்கிப் பூசிய பளபளப்பு கண்முன்னே வெளிறுவதைப் பார்க்கிறவனின் முகத்தை நான் எழுத வேண்டியதில்லை. டவுனில் சீலர் விற்றவரிடம் போனான். "கோட் காணாது, இன்னொண்டு அடியுங்க" என்று சொல்லி இன்னொரு வாளியும் விற்றார். அடித்தான். அன்று பின்னேரம் வெள்ளை போய்விட்டது. அடுத்த கிழமை முன்னைவிடத் தடிப்பாக வந்தது, கொப்புளங்களோடு.

அதன்பிறகுதான் காக்கா.

கற்கண்டு கண்ணாடிபோல இருக்கும், பொடித்தால் வெள்ளை. நிறம் ஏதும் சேரவில்லை. ஒளி நேராகப் போக முடியாமல் ஆயிரம் மூலைகளில் பட்டுச் சிதறுகிறது, அவ்வளவுதான். நடுத்தரையின் வெள்ளை அந்த வகை. அக்ரிலிக் சீலர் என்பது கரைப்பானில் கரைந்த பிளாஸ்ரிக். கரைப்பான் பறந்ததும் மெல்லிய தோலாகத் தரையில் படியும். தரை உள்ளே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி மேலே வரும், தோலில் முட்டும், வழி கிடைக்காமல் அதன் அடியில் நுண்துளிகளாகத் தங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தோலைக் கொங்கிரீட்டிலிருந்து கிளப்பும். தோலுக்கும் தரைக்கும் இடையில் விழுந்த அந்த மயிரிழை வெளியில் ஒளி சிதறுகிறது. அதைத்தான் நாம் நிறம் மாறிவிட்டது என்கிறோம். மாறியது நிறமல்ல, பிடிப்பு.

இரண்டாவது பூச்சில் அது மறைந்து திரும்பியதற்கும் இதுதான் காரணம். புதுப் பூச்சில் இருக்கும் கரைப்பான் பழைய தோலை இளக்கித் திரும்பத் தரையோடு ஒட்டவைக்கும். பார்க்கக் குணமானதுபோல இருக்கும். கீழிருந்து வருகிற ஈரம் மட்டும் வந்தபடியே இருக்கும்; இப்போது அது முட்ட வேண்டிய தோல் இரண்டு மடங்கு. காக்கா ஒரு சிரட்டையில் ஒள்ளுப்பம் தின்னர் ஊற்றி, பழைய துணியால் ஒரு கையளவு இடத்தில் தடவிக் காட்டினார். வெள்ளை மறைந்து கருங்கல் நிறம் திரும்பியது. மருமகன் முகம் மலர்ந்தது. "நாளைக் காலம்பற வந்து பாரு மனே" என்றார். காலையில் அதே கையளவில் அதே வெள்ளை.

வெட்டுக்கோட்டு வெள்ளையின் கதை வேறு. கோட்டுக்குள் றோலர் இறங்காது; அங்கே தோல் இல்லை. மூடிய தரைக்கு அதுதான் வாய். உள்ளே கரைந்திருக்கும் உப்பு நீரோடு அந்த வாய்க்கு வந்து, நீர் பறக்கத் தான் மட்டும் தங்குகிறது. காக்கா ஏன் நக்கிப் பார்த்தார் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. சப்பென்று இருந்தால் அது சுண்ணாம்பு. சீமெந்து இறுகும்போது தானே சுண்ணாம்பை விடும், வெற்றிலைக்குத் தடவுகிற அதே பொருள். மேலே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துச் சுண்ணக்கல்லாக வெளுக்கும். அது எந்த நாட்டுத் தரையிலும் வரும், தண்ணீரில் கரையாது, புளித்த வினாகிரி பட்டால் நுரைக்கும், நாள்பட ஓயும். கரித்தால் அது இந்த ஊரின் உப்பு. அதற்கு ஓய்வு கிடையாது.

மத்தியானத்தில் அந்தக் கோடுகள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். இரவு எட்டு மணிக்குப் போய் லைற் அடித்துப் பார்த்தால் வெள்ளை இருக்காது. அந்த இடம் கறுத்து ஈரமாகக் கிடக்கும். முதலில் யாரோ துடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். வாவிக் கரையில் இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டாத நாள் அருமை. அடுப்படியில் உப்புச் சிரட்டை மாரியில் நீர்விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதினமல்ல. பகலில் பூத்து, இரவில் கரைந்து, கரைந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மறுநாள் மறுபடி பூக்கிறது.

உப்பு எங்கிருந்து? சந்தேகத்துக்குரிய ஆட்கள் மூவர்: கலந்த மணல், கலந்த தண்ணீர், கீழே கிடக்கும் நிலம். மணல் ஆற்று மணல்தான், அதற்கு ரசீது இருக்கிறது. குடிக்கக்கூடிய தண்ணீரில்தான் கொங்கிரீட் குழைக்க வேண்டும் என்பது மேசன்மார் எல்லோருக்கும் வாய்ப்பாடம். ஒழுங்கைக் கிணற்றின் தண்ணீர் குளிக்கலாம், குடிக்க வாய்க்கு ஒவ்வாது. அதில்தான் குழைத்திருக்கிறார்கள். அடியில் பொலித்தீனும் விரிக்கவில்லை. "பொலித்தீன் விரிச்சா தண்ணி கீழ இறங்காது, இறுகப் பிந்தும்" என்றாராம் தரை போட்டவர். அது பொய்யல்ல. பிந்தத்தான் செய்யும். பிந்தினால் பொங்கல் தவறும்.

எழுவான்கரையின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் நடுவே வாழைநார்போல ஒரு மணல் துண்டு. ஊர்கள் அதன்மேல்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சூரியன் எழுகிற கரை என்பதால் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்கள் விரியும் பக்கம் படுவான்கரை. இந்த மணலுக்குக் கீழே மழைநீர் தேங்கி நிற்கிறது, ஆனால் தரைமேல் நிற்பதுபோல அல்ல. உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்று நிலத்தடி நீர்க்கணக்குச் சொல்லும். படகு எப்படி மிதக்கிறதோ அப்படி. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கணக்கை நாங்கள் கண்ணால் கண்டோம். கடல் புகுந்த கிணறுகளைக் கழுவ மோட்டர் போட்டு இறைத்தோம். இறைத்துக்கொண்டே இருந்தோம். நல்ல தண்ணீர் வரும்வரை இறைப்பது என்ற எண்ணம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேலேயுள்ள நன்னீர்தான் போகும், அடியிலிருந்து உப்பு ஏறும் என்று நீர் ஆய்வாளர்கள் வந்து சொன்னார்கள். கடைசியில் கிணறுகளைத் தேற்றியது மழைதான். எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டு மாரி கழிந்த பிறகுதான் அம்மா தேயிலைக்குத் தண்ணீர் அள்ளினா.

மாரியில் நிலத்தடி நீர் எங்கள் பக்கம் முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடும். வாவி நிரம்பித் தாழ்ந்த ஊர்களுக்குள் வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். மணல்திட்டில் ஒரு வாய்க்கால் அளவு திறந்தாலே போதும், மிச்சத்தை வாவி தானே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போகும். மருமகனின் தரை கார்த்திகையில் படுத்தது இந்த நீரின்மேல்தான். மணலும் கிறவலும் ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்ப, கொங்கிரீட்டின் நுண்துளைகள் அதை வாங்கி இன்னும் மேலே அனுப்பின. ஷட்டர் பக்கம் வெயிலும் காற்றும் படும் இடத்தில் வெள்ளை குறைவு; இருண்ட பின்சுவர் ஓரம் முழுவதும் வெள்ளை. மூன்று கிழமை சீமெந்து மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்தில் மட்டும் சதுரமாக, ஓரம் வெட்டினதுபோல ஒரு வெள்ளை.

28 நாள் என்ற கணக்கில்தான் என் மனம் நின்றுவிட்டது. அந்த எண்ணை எல்லோரும் மந்திரம்போலச் சொல்கிறோம். அது கொங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் நாள். இறுகுவதற்கு ஈரம் வேண்டும்; அதற்காகத்தான் முதல் நாட்களில் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிக்கிறோம். உலர்வது வேறு வேலை, அதற்கு வேறு நாட்காட்டி. ஒரு அங்குலக் கனம் உலர ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் பருமட்டான கணக்கு, அதுவும் கீழிருந்து புதிய ஈரம் வராவிட்டால், மேலே காற்று வறண்டிருந்தால். நாலு அங்குலத்துக்கு நாலு மாதம். மாரி மாதங்களை அதில் சேர்க்கவே கூடாது. இறுகிவிட்டது என்பதை உலர்ந்துவிட்டது என்று வாசித்தோம். வாளியில் தாள் ஒட்டியவர் அந்த வரியை எழுதும்போது அவர் மனக்கண்ணில் இருந்த தரை எந்த ஊரில் இருந்ததோ, வாவிக்கரையில் இருந்திருக்காது.

இதை எதற்காவது உவமையாக்கச் சொல்லி எழுதுகிறவனின் கை அரிக்கத்தான் செய்கிறது. அடியில் ஈரமிருக்க மேலே பளபளப்புப் பூசிய சங்கதிகள் இந்த மண்ணில் எத்தனையோ உண்டு, அவற்றின் பட்டியல் வாசகருக்கே தெரியும். காக்காவிடம் இதை லேசாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பாராமல், "அதெல்லாம் எனக்குத் தெரியா. தரை காயல்ல, அவ்வளவுதான்" என்றார். அதற்குமேல் நானும் போகவில்லை.

அவர் செய்த சோதனை எளிது. தடித்த பொலித்தீனை 18 அங்குலச் சதுரமாக வெட்டி, தோலைச் சுரண்டிய இடங்களில் நாலு பக்கமும் ரேப்பால் இறுக்கி ஒட்டினார். பின்சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, ஷட்டரடியில் ஒன்று. பின்னேரம் ஒட்டி மறுநாள் பகல் கிளப்ப வேண்டும். 16 மணித்தியாலமாவது கிடக்க வேண்டும். அமெரிக்கர்களின் தரநூலிலும் இதே அளவுதான் இருக்கிறது என்பதைப் பிறகு அறிந்து அவரிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. மறுநாள் பொலித்தீனின் உள்பக்கம் சோற்றுப் பானை மூடிபோல முத்து முத்தாக வியர்த்திருந்தது. கீழே சதுரமாகக் கறுத்த தரை. ஷட்டரடியில்கூட.

என் அம்மம்மா வீட்டுத் தரை களிமண். வெள்ளிதோறும் சாணம் கரைத்து மெழுகுவார். அந்தத் தரையில் வெள்ளை பூத்ததை நான் கண்டதேயில்லை. ஈரம் வரும், போகும், தடுப்பதற்கு ஒன்றுமில்லை. மெழுகியது தேயும், அடுத்த வெள்ளி திரும்ப மெழுகுவார். பிறகு அப்பா கட்டிய வீட்டில் சிவப்புச் சீமெந்து. எழுபதுகளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் தீவு முழுவதும் வீடுகளுக்கு அழகு செய்த தரை அது. மெழுகுப் பொலிஷ் பூசித் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்து மினுக்குவது எங்கள் சனிக்கிழமை வேலை. மட்டையின்மேல் ஒரு காலை வைத்து நொண்டியடித்தபடி கூடத்தைச் சுற்றுவோம். அந்தப் பளபளப்பு வாளியில் வந்ததல்ல, முழங்காலில் வந்தது. அங்கேயும் மாரியில் சுவரோரம் உப்புக் கட்டும். தும்புத்தடியால் தட்டிவிட்டுத் திரும்பப் பொலிஷ். யாரும் அதைப் பழுது என்று சொல்லவில்லை, மாரி என்றுதான் சொன்னோம்.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கட்டி, 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை வாவி நீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைக்கு ஒரு குணம் உண்டு. உப்பு வந்தால் கல்லை விட்டுவிட்டுக் காரையைத்தான் தின்னும். காரை உதிரும், வெட்டிப்போட்டுப் புதிதாகப் பூசுவார்கள். உதிர்வதற்காகவே பூசிய பூச்சு. அதன்மேல் பின்னால் வந்தவர்கள் சீமெந்து பூசிய இடங்களில்தான் உப்பு உள்ளே திரும்பிச் சுவரையே பிடிக்கும் என்று காக்கா சொன்னார். அவருடைய வாப்பாவுக்குச் சுண்ணாம்பு வேலை.

சித்திரை பிறந்த பிறகு தோலை உரித்தார்கள். பெற்றோல் கான்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஷட்டரையும் பின்கதவையும் திறந்துவைத்து, தின்னரில் ஊறிய சாக்கைச் சிறு சிறு இடமாக விரித்து இளக்கி, தகட்டால் சுரண்டினார்கள். இரண்டு பூச்சும் ஈரப் பப்படம்போலச் சுருண்டு வந்தன. மூன்று நாள் தலைவலி. வாளிகளின் விலையைவிட உரித்த கூலி கூட. உரித்த தரையை மருமகன் பார்த்துக்கொண்டு நின்றான், சாம்பல் நிறத்தில், மினுக்கம் ஏதுமில்லாமல். காக்கா கழுவவும் விடவில்லை. உப்பைத் தண்ணீரால் கழுவினால் பாதி வெளியே போகும், மீதி உள்ளே திரும்பும். காயவைத்துக் கூட்டு என்றார்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கியது. சடங்கின் இறுதியான குளிர்த்தி முடிந்த கையோடு கச்சான் எழும்பியது. மேற்கேயிருந்து வயலெல்லாம் தாண்டி வரும் வறண்ட காற்று. உதடு வெடிக்கும், ஓலை சலசலக்கும், கிணறு இரண்டு முழம் இறங்கும். அந்தக் காற்றில் மூன்று மாதம் தரை வெறுமையாகக் கிடந்தது. தொழில் நிற்கவில்லை, எஞ்சின்களின் கீழே தகரத் தட்டு வைத்து ஒயிலை ஏந்திக்கொண்டான். ஆவணியில் பொலித்தீன் திரும்ப ஒட்டிப் பார்த்தபோது ஷட்டரடியும் நடுவும் காய்ந்திருந்தன. பின்சுவரோரம் மெல்லிய மூச்சுப்போல ஒரு மங்கல்.

இந்த முறை தோல் வேண்டாம் என்றார் காக்கா. சிலிக்கேட் கரைசல் ஒன்று தெளித்தார்கள். அது மேலே படியாது. உள்ளே இறங்கி, சீமெந்து விட்ட சுண்ணாம்போடு கூடிக் கல்லாகித் துளைகளைக் குறுக்கும். முழுக்க அடைக்காது. தூசி கிளம்புவது நின்றது. மினுக்கம் வரவில்லை. ஒயில் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் கறை விழும், அப்படி ஐந்தாறு விழுந்தும்விட்டது. மருமகனுக்கு மனக்குறைதான். போனில் பார்த்த தரை இதுவல்ல. ஆனால் ஒருநாள் நான் அங்கே இருந்தபோது கார்புரேட்டரிலிருந்து பித்தளை ஆணி ஒன்று துள்ளி விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். இரண்டுமுறை துள்ளி, உருண்டு, வெட்டுக்கோட்டில் போய் நின்றது. அவன் எழும்பக்கூட இல்லை. காலை நீட்டிக் கால்விரலால் இழுத்து எடுத்தான்.

போன மாரியில் அந்தக் கோட்டில் மறுபடி வெள்ளை. காக்கா வழியால் போனவர் எட்டிப் பார்த்தார். தும்புத்தடியை வாங்கித் தானே கூட்டினார், பழைய தகரத்தில் அள்ளினார். ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும். இந்த முறை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. ஒழுங்கைக்குக் கொண்டுபோய், வெள்ளம் ஓடுகிற பக்கமாகப் பார்த்துக் கொட்டினார்.

"போன முறைக்கு இது குறைவு" என்றான் மருமகன்.

"குறையும். மறுகா மாரிக்கும் ஒள்ளுப்பம் வரும்" என்று சொல்லிக்கொண்டே தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தேத்தண்ணி வருகிறதா என்று உள்ளே பார்த்தார்.